வழி விட்டு உட்கார்ந்தவர்கள்

எனக்கு யாரையும் சட்டென்று பிடித்துவிடாது. என் கணவரைக் கேட்டால், கல்யாணமாகி நாலைந்து வருடம் கழித்துத்தான் தனக்கே அந்தப் பாக்கியம் கிடைத்தது என்பார். அப்படிப்பட்ட எனக்கு, சிதம்பரத்திலிருந்து பேசிய அந்த டீச்சரை முதல் போனிலேயே அடியோடு பிடிக்காமல் போனது. இன்றைக்கு அவரை நினைத்தால் கை தானாகக் கும்பிடப் போகிறது. நடுவில் நடந்ததை எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சுற்றிலும் அரசு அலுவலகங்கள் என்பதால் காலையிலிருந்தே ரேஷன் கார்டும் பட்டாவுமாக ஆட்கள் வந்து நிற்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் போன் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஹோம்வொர்க் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசினார் ஓர் அம்மா.

"உங்க அண்ணன் இங்க கீழ வீதியில இருக்காரும்மா. உயிரோட இருக்காரு. அத மட்டும் உங்ககிட்ட சொல்லலாம்னு சொன்னாரு. வரச் சொல்லல. அதனால இப்ப வராதீங்க."

அண்ணன் காணாமல் போய் ஒரு தீபாவளி கழிந்து மறு தீபாவளியும் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கூடப்பிறந்தது அவன் ஒருவன்தான். அப்பா அம்மா இல்லை. பெண்ணாடம் பக்கம் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்தான்; கல்யாணம் கட்டவில்லை, பெரியப்பா வீட்டோடு இருந்தான். நன்றாக இருந்தவன் கொஞ்சம் கொஞ்சமாக மாறினான். மிஷின் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது என்றான். வேலைக்குப் போவதை நிறுத்தினான். ஒருமுறை வீட்டை விட்டுப் போய், விருத்தாசலம் ரயில் நிலையத்தில் அகப்பட்டான். பெரியப்பா நாலு பேரோடு வேனில் போய் அள்ளிக்கொண்டு வந்து ஓர் அறையில் விட்டு, வெளியே பூட்டுப் போட்டார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. மறுபடி ஓடிவிடக் கூடாதே என்ற பயம்தான். சோறு ஜன்னல் வழியாகப் போனது. நான் சேதி தெரிந்து கடலூரிலிருந்து போய்ச் சேர்வதற்குள், சாப்பாட்டுத் தட்டை வாங்கக் கதவைத் திறந்த நேரம் பார்த்து அவன் போய்விட்டிருந்தான். அப்புறம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஒருத்தி போன் போட்டு, இருக்கிறார், ஆனால் வராதே என்றால் எப்படி இருக்கும்? நான் போனிலேயே கத்திவிட்டேன். ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் தங்கள் பேப்பரை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். வீட்டில் என் கணவரோ, ஒரு காரைப் பிடித்து மச்சானைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று சட்டையை மாட்டினார். கிளம்பும் முன் இன்னொரு தடவை சண்டை போடலாம் என்று டீச்சரைக் கூப்பிட்டேன். நான் திட்டி முடித்ததும் சொன்னார்:

"இன்னைக்கு நீங்க வந்தா நாளைக்கு அவரு இங்க இருக்க மாட்டாரும்மா. அப்புறம் நீங்களும் தேடணும், நாங்களும் தேடணும்."

இன்னொரு தடவை தொலைத்தால் அவனைத் திரும்பப் பார்க்கப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும். என் கணவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

வருவதென்றால் எப்படி வரலாம் என்று டீச்சரிடம் கேட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் தெருவில் இருப்பவர்களுக்கு நாங்கள் டீ கொடுப்போம், எங்களோடு ஊற்ற வாருங்கள், உங்கள் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், அவராகச் சொல்லும்வரை கிட்டே போகக் கூடாது என்றார். டீச்சர் போய் அண்ணனிடம் கேட்டதற்கு அவன் சொன்ன பதில், "அவ இஷ்டம்." அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் டீச்சர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. அவர் எங்கேயும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியை. கழுத்தில் சின்னச் சிலுவை, தோளில் ஒரு குடும்பத்துக்கே துணி வைக்கலாம் போன்ற பை. கூட வந்தவர் ஓர் ஆட்டோக்காரர். நெற்றி நிறையத் திருநீறு. இரண்டு பேரும் வழியெல்லாம் சண்டை. ஃபிளாஸ்கைச் சாய்த்து வைத்துவிட்டாய் என்று டீச்சரும், ஒரு நாளாவது நேரத்துக்கு வந்தீர்களா என்று ஆட்டோக்காரரும். இந்த லட்சணத்தில் இவர்களா என் அண்ணனைக் காப்பாற்றுவது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டோவில் போகும்போதே எனக்குப் பாடம் நடந்தது. தூங்குகிறவரைத் தொட்டு எழுப்பக் கூடாது; எதிரே நின்று பேசக் கூடாது, உட்கார்ந்து பேச வேண்டும். வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் எதையும் கொடுக்க வேண்டும். யாரையும் படம் பிடிக்கக் கூடாது. ஊர் எது, பிள்ளைகள் எங்கே என்று கிளறக் கூடாது. கண்ணில் படாத இடத்துக்குத் தனியாக யாரும் போகக் கூடாது. ஒருவர் எப்போதும் ஆட்டோ பக்கத்தில் நின்று மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி நானும் தலையாட்டினேன்.

முதலில் தேர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரியவரிடம் போனோம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சொன்ன பாடத்தை ஒழுங்காகச் செய்யும் ஆசையில் நான் அவருக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். டீச்சர் என் தோளைத் தொட்டு ஓரமாக நகர்த்தினார்.

"அவருக்கும் ரோட்டுக்கும் நடுவுல உக்காராதம்மா. எழுந்து போவணும்னா அவருக்கு வழி வேணும்ல."

பெரியப்பா வீட்டு அறையும் அந்த ஜன்னலும் கண்ணுக்குள் வந்து நின்றன. எங்கள் குடும்பத்தில் இத்தனை பேர் இருந்தோம். அண்ணனுக்காக எந்தச் சாமிக்கு வேண்டுவது, எந்த டாக்டர் கைராசி என்று மாய்ந்து மாய்ந்து பேசினோம். அவன் எழுந்து போக வழி வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. டீச்சரின் மேல் இருந்த கோபம் அந்த இடத்தில்தான் பாதி இறங்கியது. மீதிப் பாதி அவர் தாமதமாக வருவதால் இன்னும் இருக்கிறது.

பிறகு அண்ணனைப் பார்த்தேன். தெருவுக்கு அந்தப் பக்கம், பூட்டிக் கிடந்த ஒரு பாத்திரக் கடையின் கீழ்ப்படியில் இருந்தான். தாடி நெஞ்சுவரைக்கும். ஆலைக்குப் போகும்போது வெள்ளிக்கிழமை தவறாமல் துவைத்து மடித்து வைப்பானே, அந்தக் காக்கிப் பேன்ட்தான், நிறமே தெரியாமல் கிடந்தது. என்னைப் பார்த்தான். பக்கத்தில் இருந்த சாக்குப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கிளம்பத் தயாராகிறான் என்று புரிந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தப் பெரியவருக்கு டீ ஊற்றினேன். கவனம் கப்பில் இல்லை; பாதி டீ என் புடவையில் கொட்டியது.

"பாத்தும்மா, சூடு" என்றார் பெரியவர். அவர்தான் எனக்கு அன்றைக்கு ஆறுதல் சொன்ன ஒரே ஆள்.

டீச்சர் மட்டும் தெருவைக் கடந்து அண்ணனிடம் போனார். அவன் கப்பை வாங்கினான். குடிக்கவில்லை, கையிலேயே வைத்திருந்துவிட்டு, டீச்சர் நகர்ந்ததும் விளக்குக் கம்பத்தின் அடியில் கொட்டினான். திரும்பி வந்த டீச்சர், அவர் எப்போதும் இப்படித்தான், எதையாவது கலந்திருப்போம் என்று பயம் போலிருக்கிறது, அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டரிடம்கூட இதைச் சொல்லியிருக்கிறேன் என்று வருத்தமாகச் சொன்னார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. வருடக்கணக்காகப் பாகு வாடையிலேயே வேலை பார்த்தவன் அண்ணன். தீபாவளிக்குக்கூட இனிப்பைத் தொட மாட்டான். டீயில் சர்க்கரை விழுந்தால் அம்மா காலத்திலேயே கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிடுவான். இவர்களோ பாவப்பட்ட மனிதருக்குத் தெம்பு வரட்டும் என்று வாரா வாரம் சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். சொன்னதும் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். ஆட்டோக்காரர், "அப்ப பைத்தியம் நாமதானா டீச்சர்" என்று கேட்டு ஒரு அடி வாங்கினார்.

அடுத்த வாரம் சின்ன ஃபிளாஸ்கில் சர்க்கரை இல்லாத டீ கொண்டுபோனேன். யார் கொடுத்தது என்று சொல்லாமல் கொடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். டீச்சர் ஒப்பவில்லை. அவர் கேட்டால் உள்ளதைத்தான் சொல்லுவேன் என்றார். அண்ணன் ஒரு வாய் குடித்தான். கப்பைப் பார்த்தான். டீச்சரிடம் ஏதோ கேட்டான். டீச்சர் திரும்பி என்னைக் கை காட்டினார். எழுந்துவிடப்போகிறான் என்றே நினைத்தேன். அவன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மிச்ச டீயையும் குடித்தான்.

நான் ஆட்டோவுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். ஆட்டோக்காரர் காணாததுபோல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் போனேன். தெருவின் இந்தப் பக்கத்தில் இருப்பவர்களெல்லாம் எனக்குப் பழக்கமானார்கள். எந்தப் பெரியவருக்கு டீயில் நனைக்கப் பொறை வேண்டும், எந்த அம்மாவுக்குப் பேச்சே பிடிக்காது என்பதெல்லாம் தெரிந்தது. ஒரு நாள் குடித்துவிட்டு வந்த ஒருவன், எவன் பணத்தில் டீ கொடுக்கிறீர்கள் என்று வம்புக்கு இழுத்தான். நான் புடவையை இடுப்பில் செருகிவிட்டேன். ஆட்டோக்காரர் ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு, "யக்கா, வா போவலாம். அடுத்த வாரமும் இங்கதான் வரணும்" என்றார். சண்டை போடாமல் நான் திரும்பி வந்த முதல் இடம் அதுதான். வீட்டில் சொன்னபோது என் கணவர் நம்பவில்லை.

அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை, யாரையும் வேனில் ஏற்றவில்லை என்பதை அவன் பார்த்தான். ஒரு வியாழன், டீச்சர் வந்து, உன்னை வரச் சொல்கிறார் என்றார். எத்தனையோ நாளாக அவனிடம் சொல்ல வேண்டும் என்று சேர்த்துவைத்த எதுவும் நினைவில் இல்லை. வழி விட்டு உட்கார வேண்டும் என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது. அவனுக்குப் பக்கவாட்டில், படியின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

ரோட்டைப் பார்த்தபடியே, "கடைய யாரு பாத்துக்கறா?" என்று கேட்டான்.

"ஒம் மாப்ளதான்."

"அப்ப கடை அவ்ளோதான்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை, ஆனால் மடியில் இருந்த சாக்கைக் கீழே வைத்தான்.

கார்த்திகையில் புயல் வருகிறது என்று டிவியில் சொன்னார்கள். கடலூர்க்காரர்களுக்குப் புயலைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. மத்தியானமே கடையைச் சாத்திவிட்டுப் பஸ் பிடித்தேன். கீழ வீதியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சரும் ஆட்டோக்காரரும் ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டு, வருகிறவர்களை வீடில்லாதவர்களுக்கான தங்குமிடத்தில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு மட்டும் டீச்சர் எனக்கு முன்னால் வந்திருந்தார். எங்களோடு டீ குடிக்கும் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அண்ணன் மட்டும் படியில் இருந்தான். தண்ணீர் முதல் படியைத் தாண்டியிருந்தது.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். புடவையெல்லாம் நனைந்தது.

"அங்க ரூமா?" என்றான்.

"ரூமுதான்."

"பூட்டுவாங்களா?"

மாட்டார்கள் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் நான் அந்த இடத்தைப் பார்த்ததுகூடக் கிடையாது. பொய் சொல்லி அவனை ஏற்றிவிட்டு, அங்கே ஒரு பூட்டு தொங்கினால் அதோடு எல்லாம் முடிந்தது.

"தெரியலண்ணா. நானும் பாத்ததில்ல. வா, போய்ப் பாப்போம். புடிக்கலன்னா திரும்பிடுவோம். ஆட்டோ வெளியவே நிக்கும்" என்றேன்.

அவன் தெருவைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான். நான் எழுந்து போய் ஆட்டோவில் முதலில் ஏறி உள்மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தேன். திறந்த பக்கம் அவனுக்கு. அவன் வந்து ஏறினான். வழி முழுக்க ஒரு காலை வெளியே வைத்தபடியே வந்தான். சாரல் அடித்து முழங்கால்வரை நனைந்தும் உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.

தங்குமிடத்தின் கூடத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். அவன் உள்ளே வர மாட்டேன் என்று தாழ்வாரத்திலேயே நின்றுவிட்டான். தாழ்வாரக் கோடியில் பாய்கள் போட்டுவைக்கும் சின்ன அறை ஒன்று இருந்தது. அங்கே இருந்துகொள்ளட்டும் என்று பொறுப்பாளர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் கதவின் வெளிப்பக்கம் பூட்டு மாட்டும் நாதாங்கி. அதில் பூட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் அதைப் பார்த்தான். ஓர் அடி பின்னால் வைத்தான். இன்னோர் அடி வைத்தால் மழை. பொறுப்பாளர் அவசரமாகப் பூட்டைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, யாரும் பூட்ட மாட்டார்கள், சாமான் போகாமலிருக்கத்தான் என்றார். அண்ணன் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. அவன் கை சாக்கின் வாயைச் சுருட்டிப் பிடித்தது. எனக்கு அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினேன். டீச்சரும் ஒதுங்கினார். ஆட்டோக்காரர் தாழ்வாரப் படியை விட்டே இறங்கி மழையில் நின்றார். அவன் போக நினைத்தால் போகலாம். எங்களில் ஒருவரும் குறுக்கே இல்லை.

"திருப்புளி இருக்கா?" என்று கேட்டான் அண்ணன்.

ஆட்டோக்காரர் சீட்டுக்கடியிலிருந்து எடுத்து வந்தார். அது அரசாங்கக் கதவாயிற்றே என்று பொறுப்பாளர் இழுத்தார். டீச்சர் அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஆறாம் வகுப்புக்கே போய்விட்டார். திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. அண்ணன் ஆட்டோவிலிருந்து ஆயில் கொஞ்சம் கேட்டு வாங்கி, விரலால் தொட்டுத் தொட்டு வைத்து, காத்திருந்து, ஒவ்வொன்றாகக் கழற்றினான். தாடிக்குள் மறைந்திருந்தாலும் எனக்குத் தெரிந்த முகம் அது. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு வேலை செய்யும் என் அண்ணன் முகம்.

நாதாங்கி கையோடு வந்தது. அதை என்னிடம் கொடுத்தான்.

"இத நீ வச்சிக்க."

பிறகு உள்ளே போய், உள்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தான், எடுத்துப் பார்த்தான். மறுபடி போட்டான், எடுத்தான். அதற்கும் இரண்டு சொட்டு ஆயில் விட்டான்.

"பஸ்ஸ நிறுத்திடப் போறாங்க. நீ கெளம்பு பாப்பா" என்றான்.

கதவைச் சாத்தினான். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது. கூடப்பிறந்தவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ் போட்டதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். டீச்சர் காலில் விழப்போனேன். அவர் பையை நடுவில் நீட்டித் தடுத்து, எனக்கு முட்டி வலி, உன்னை யார் தூக்கிவிடுவது என்றார்.

அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். அங்குள்ள குழாய், ஃபேன் எல்லாம் இப்போது அவன் பொறுப்பு. ஆட்டோக்காரரோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிக்கொள்கிறான். மிஷின் கூப்பிடுவது முழுக்க நின்றுவிடவில்லை, தூரத்தில் கூப்பிடுகிறது என்கிறான். நாதாங்கி என் கடையில் பேப்பர் பறக்காமல் இருக்க மேலே வைக்க உதவுகிறது. அந்த இரண்டு பேருக்கும் நன்றி சொல்ல நான் செய்யாத முயற்சி இல்லை. புடவை எடுத்துக் கொடுத்தால் டீச்சர் அதை அடுத்த வாரமே யாருக்கோ கொடுத்துவிட்டார். ஆகவே வியாழன்தோறும் போய் டீ ஊற்றுவதோடு நிறுத்திக்கொண்டேன். இப்போது சர்க்கரை போட்டது, போடாதது என்று இரண்டு ஃபிளாஸ்க்.

அது முடிந்ததும் அண்ணன் கதவைத் தட்டிவிட்டு ஓரமாக உட்காருவேன். சில வாரம் திறக்க மாட்டான். டீயை வைத்துவிட்டு வந்துவிடுவேன். போன வாரம் திறந்தான். வந்து உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு, திடீரென்று கேட்டான்:

"ஒங்க மாடி ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பா இருக்கா?"

"இருக்குண்ணா. வெளிய இருந்தத ஒம் மாப்ள என்னைக்கோ கழட்டிட்டாரு" என்றேன். உண்மைதான், புயல் முடிந்த வாரமே, என்னிடம்கூடச் சொல்லாமல் கழற்றிவைத்திருந்தார்.

"அவரா? கதவையே பேத்துருப்பாரே" என்றான் அண்ணன். காலி கப்பை ஓரமாக வைத்துவிட்டு, "ஒரு நாளைக்கி வந்து பாக்கறேன்" என்றான்.

எப்போது என்று நான் கேட்கவில்லை.